குப்பை வண்டியின் பின்னால் நடந்த பட்டதாரி

1895ஆம் ஆண்டு. அமெரிக்காவின் சிகாகோ நகரம். காலை மணி ஆறு. வட்டாரத்தின் குப்பை வண்டிகள் வேலையைத் தொடங்கும் நேரம். அவற்றுடன் ஒரு பெண்ணும் தெருவுக்கு வந்துவிடுவார். வண்டிகள் நேரத்தோடு புறப்பட்டனவா, எந்தச் சந்தை எடுக்காமல் விட்டுவிட்டன, நிறைந்த வண்டி குப்பைமேட்டுக்குத்தான் போகிறதா என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பார்.

அந்தப் பெண் வேறு வேலை கிடைக்காமல் இதற்கு வந்தவர் அல்லர். கல்லூரியில் படித்தவர், வசதியான குடும்பத்தில் பிறந்தவர், அப்போது அவருக்கு வயது 34. பின்னாளில் அமைதிக்கான நோபெல் பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணியும் அவரே. அவர் பெயர் ஜேன் ஆடம்ஸ்.

வேகமாக வளரும் ஒரு நகரத்தில் இளையர் ஒருவர் என்ன செய்துவிட முடியும் என்று நம்மில் பலர் நினைப்பதுண்டு. சாலை போடுவதும் குப்பை அள்ளுவதும் நகராண்மைக்கழகத்தின் வேலை, சட்டம் போடுவது அரசாங்கத்தின் வேலை, நம் வேலை படிப்பது மட்டும்தான் என்று ஒதுங்கிவிடுகிறோம். ஜேன் ஆடம்ஸும் நீண்ட காலம் ஒதுங்கித்தான் இருந்தார். அந்த ஒதுக்கத்திலிருந்து அவர் எப்படி வெளியே வந்தார் என்பதுதான் இந்தக் கதை.

சிறிய வீடுகள் பற்றிய ஒரு கேள்வி

ஜேன் 1860 செப்டம்பர் 6ஆம் தேதி, இலினோய் மாநிலத்தில் சீடர்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருக்கு இரண்டு வயதானபோது தாயார் இறந்துபோனார். தந்தை ஜான் ஆடம்ஸ் மாவு ஆலை வைத்திருந்தவர். மாநில மேலவை உறுப்பினராகவும் இருந்தார். ஆபிரகாம் லிங்கனின் நண்பர்.

நான்கு வயதில் ஜேனுக்கு முதுகெலும்பில் காசநோய் வந்தது. உயிர் பிழைத்தாலும் முதுகு வளைந்துவிட்டது. தன் தோற்றத்தைப் பற்றி அந்தச் சிறுமிக்குப் பெரிய கூச்சம் இருந்தது. கம்பீரமான தன் தந்தைக்கு இப்படியொரு மகளா என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துவிடக் கூடாதே என்று, தேவாலயத்துக்குப் போகும்போது தந்தையின் பக்கத்தில் நடக்காமல் சிற்றப்பாவுடன் சேர்ந்து நடப்பாராம். ஒருநாள் பக்கத்து நகரத்தின் கூட்டமான தெருவில் மகளைக் கண்ட தந்தை, தலையிலிருந்த பட்டுத் தொப்பியைக் கழற்றி, எல்லாரும் பார்க்க அவருக்கு வணக்கம் செலுத்தினார். அன்றோடு அந்தக் கூச்சம் குறைந்தது.

அந்தப் பக்கத்து நகரத்தின் பெயர் ஃப்ரீபோர்ட். ஏழு வயதுகூட நிரம்பாத ஜேன், தந்தை வேலையாகச் சென்றபோது உடன்சென்று அங்கிருந்த ஆலைத் தொழிலாளர் குடியிருப்பை முதன்முறையாகப் பார்த்தார். ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்த சிறிய, அழுக்கான வீடுகள். மனிதர்கள் ஏன் இப்படி வாழ்கிறார்கள் என்று தந்தையிடம் கேட்டார். தந்தை விளக்கினார். பெரியவளானதும் பெரிய வீடு ஒன்று கட்டிக்கொள்வேன், ஆனால் அதை இந்தச் சிறிய வீடுகளுக்கு நடுவில்தான் கட்டுவேன் என்று அந்தச் சிறுமி சொன்னார். பிள்ளைப் பேச்சுதான். ஆனால் 22 ஆண்டுகள் கழித்து அது ஏறக்குறைய அப்படியே நடந்தது.

எட்டு வெற்று ஆண்டுகள்

ஜேன் 1881ல் ராக்ஃபோர்டு மகளிர் கல்லூரியில் படிப்பை முடித்தார். மருத்துவராகி ஏழைகளிடையே பணியாற்ற வேண்டும் என்பது கனவு. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் தந்தை திடீரென்று காலமானார். பிலடெல்பியாவில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த ஜேனால் முதுகுவலி காரணமாகப் படிப்பைத் தொடர முடியவில்லை. அறுவை சிகிச்சை நடந்தது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார்.

உடல் தேறிய பிறகும் மனம் தேறவில்லை. அக்காலத்தில் வசதியான வீட்டுப் பெண்கள் படிக்கலாம். ஆனால் படித்து முடித்தபின் செய்வதற்கு வேலை ஏதும் இருக்காது. திருமணம் செய்துகொள்ள வேண்டும், அல்லது உறவினர்களைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டும். ஜேன் ஐரோப்பாவுக்குப் பயணம் போனார். அருங்காட்சியகங்களைப் பார்த்தார், மொழிகளைக் கற்றார், இசை கேட்டார். கையில் பணமும் தலையில் படிப்பும் இருந்தும் யாருக்கும் பயன்படாமல் நாள் போகிறதே என்ற உறுத்தல் அவரை விடவில்லை.

1883ல் லண்டனின் கிழக்குப் பகுதியில் அவர் கண்ட காட்சி அந்த உறுத்தலைப் பெரிதாக்கியது. அது ஒரு சனிக்கிழமை நள்ளிரவு. ஞாயிறு முழுவதும் கடை அடைப்பு. திங்கள்வரை தாங்காத அழுகல் காய்கறிகளை வண்டிக்காரர்கள் ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சில காசுகளுக்காக ஏழைகள் முண்டியடித்தார்கள். ஏலத்தில் ஒரு முட்டைக்கோஸைப் பிடித்தவர், சாலையோரத்தில் அமர்ந்து, கழுவாமல் சமைக்காமல் அப்படியே கடித்துத் தின்றார். ஜேன் இதையெல்லாம் குதிரை பூட்டிய பேருந்தின் மேல்தளத்திலிருந்து பார்த்தார். பேருந்து நகர்ந்தது. அவரும் போய்விட்டார். காய்கறிக்காக உயர்ந்த அந்தக் கைகள் மட்டும் வாழ்நாள் முழுவதும் அவர் நினைவில் நின்றன.

1888ல் மீண்டும் லண்டன் சென்றபோது அதே கிழக்குப் பகுதியில் டாயின்பி மண்டபம் என்ற இடத்தைப் பார்த்தார். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் படித்த இளையர்கள் அங்கே ஏழைத் தொழிலாளர்களின் அண்டைவீட்டாராகத் தங்கி, வகுப்புகளும் மன்றங்களும் நடத்திவந்தார்கள். பேருந்தின் மேலிருந்து பார்ப்பதற்கும் அதே தெருவில் குடியிருப்பதற்கும் உள்ள வேறுபாடு ஜேனுக்கு அங்கே புரிந்தது.

ஹல் இல்லம்

அப்போது சிகாகோ மிக வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. 1880ல் சுமார் 500,000 பேர் வாழ்ந்த நகரில் 1890ல் 1.1 மில்லியன் பேர் இருந்தனர். பத்தே ஆண்டுகளில் மக்கள்தொகை இரண்டு மடங்கு. இரயில் பாதைகளும் இறைச்சித் தொழிற்சாலைகளும் தையல் பட்டறைகளும் ஆட்களை இழுத்தன. இத்தாலி, ஜெர்மனி, போலந்து, ரஷ்யா, கிரீஸ், அயர்லாந்து என்று பல நாடுகளிலிருந்து குடியேறிகள் வந்து குவிந்தார்கள். மக்கள் வந்த வேகத்தில் வீடுகளும் சாக்கடைகளும் பள்ளிகளும் வரவில்லை.

1889 செப்டம்பர் 18ஆம் தேதி, ஜேனும் கல்லூரித் தோழி எலன் கேட்ஸ் ஸ்டாரும் நகரின் 19ஆம் வட்டாரத்தில் ஹால்ஸ்டட் தெருவிலுள்ள ஒரு பழைய மாளிகையில் குடியேறினார்கள். 1856ல் சார்ல்ஸ் ஹல் என்பவர் கட்டிய வீடு அது. கட்டியபோது ஊருக்கு வெளியே இருந்தது. இப்போது சுற்றிலும் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகள். ஜேனுக்கு வயது 29.

பெரிய திட்டம் எதுவும் இல்லை. அண்டை வீட்டாருக்கு என்ன தேவையோ அதைச் செய்வது என்று தொடங்கினார்கள். வேலைக்குப் போகும் தாய்மார்களுக்குப் பிள்ளைகளை விட்டுச்செல்ல இடமில்லை. எனவே முதல் சில வாரங்களிலேயே பாலர் பள்ளி தொடங்கியது. பிறகு குழந்தைப் பராமரிப்பு நிலையம், சிறுவர் மன்றம், மாலை நேர ஆங்கில வகுப்பு, ஓவியக்கூடம், உடற்பயிற்சிக்கூடம், விளையாட்டுத் திடல் என்று வளர்ந்தது. இரண்டாம் ஆண்டில் வாரத்துக்கு ஏறக்குறைய 2,000 பேர் வந்து போனார்கள். படித்த இளையர் பலர் தொண்டூழியர்களாக வந்து, தங்கள் சாப்பாட்டுச் செலவைத் தாங்களே கட்டிக்கொண்டு அங்கேயே தங்கினார்கள்.

எல்லாம் வெற்றியாகிவிடவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் நாள் முழுவதும் தைத்துவிட்டுச் சத்தில்லாத உணவை உண்கிறார்கள் என்று எண்ணி, சத்துள்ள சூப்பும் குழம்பும் மலிவாக விற்க ஒரு பொதுச் சமையற்கூடம் திறந்தார்கள். ஆராய்ச்சிப்படி அளந்து சமைத்த உணவு. வாங்க வந்தவர்கள் மிகக் குறைவு. பல நாட்டுக்காரர்கள் வாழும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நாக்கு. சத்து இருக்கிறதோ இல்லையோ, தனக்குப் பிடித்ததைத்தான் சாப்பிடுவேன் என்று ஒரு பெண்மணி வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். ஜேன் அந்தச் சம்பவத்தை மறைக்காமல் தம் நூலில் எழுதியிருக்கிறார். உதவ வருபவர் முதலில் கேட்க வேண்டும், பிறகுதான் செய்ய வேண்டும் என்பதை அந்தச் சமையற்கூடம் அவருக்குக் கற்றுக்கொடுத்தது.

மிட்டாய் வேண்டாம் என்ற சிறுமிகள்

ஹல் இல்லத்தின் முதல் கிறிஸ்துமஸ். வந்திருந்த சிறுமிகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். சில சிறுமிகள் வாங்க மறுத்தார்கள். மிட்டாயைக் கண்டாலே பிடிக்கவில்லை என்றார்கள். விசாரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. பண்டிகைக்கு முந்திய ஆறு வாரங்களாக அவர்கள் ஒரு மிட்டாய்த் தொழிற்சாலையில் காலை ஏழு மணியிலிருந்து இரவு ஒன்பது மணிவரை வேலை செய்திருந்தார்கள்.

அதே குளிர்காலத்தில், சிறுவர் மன்றத்துக்கு வரும் மூன்று பையன்கள் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஒரே இயந்திரத்தில் அடிபட்டார்கள். அதில் ஒருவன் இறந்துபோனான். அந்த இயந்திரத்துக்குப் பாதுகாப்புத் தடுப்பு போடச் சில டாலர்கள்தான் செலவாகும். செய்தி கேட்டு முதலாளிகள் வருந்துவார்கள், உடனே தடுப்பு போடுவார்கள் என்று ஜேன் நம்பினார். அவர்கள் எதுவும் செய்யவில்லை. பிள்ளைக்கு விபத்து நேர்ந்தால் இழப்பீடு கேட்க மாட்டோம் என்று பெற்றோர்களிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்திருந்தார்கள்.

பாலர் பள்ளியும் மிட்டாயும் கொடுத்தால் போதாது, சட்டம் மாற வேண்டும் என்பதை ஹல் இல்லத்தார் அப்போது உணர்ந்தார்கள். 1891ன் இறுதியில் வந்து சேர்ந்த ஃபிளாரன்ஸ் கெல்லி என்ற பெண்மணி வீடுவீடாகச் சென்று தையல் பட்டறைகளையும் அவற்றில் வேலை செய்த பிள்ளைகளையும் கணக்கெடுத்தார். அந்த ஆதாரங்களின் பலத்தில் 1893ல் இலினோய் மாநிலம் தொழிற்சாலைச் சட்டம் ஒன்றை இயற்றியது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கக்கூடாது, பெண்களுக்கு எட்டு மணி நேர வேலை என்று அது சொன்னது. இரண்டே ஆண்டுகளில் எட்டு மணி நேரப் பகுதியை மாநில உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பிள்ளைகளின் சம்பளத்தை நம்பியிருந்த சில ஏழைத் தாய்மார்களும் ஹல் இல்லத்தின்மீது கோபப்பட்டார்கள். ஆனாலும் பிள்ளைகள் பற்றிய விதி நிலைத்தது.

1,037 புகார்கள்

இனி குப்பைக்கு வருவோம். 19ஆம் வட்டாரத்தின் சந்துகளில் பெரிய மரப்பெட்டிகள் தரையோடு பொருத்தி வைக்கப்பட்டிருந்தன. அவைதாம் குப்பைத்தொட்டிகள். அழுகிய பழமும் இறைச்சிக் கழிவும் நாள் கணக்கில் அவற்றில் கிடக்கும். நடக்கப் பழகும் குழந்தைகள் முதலில் ஏறி விளையாடுவது அந்தப் பெட்டிகள்மேல்தான். நகரின் அத்தனை வட்டாரங்களிலும் இறப்பு விகிதத்தில் 19ஆம் வட்டாரம் மூன்றாம் இடத்தில் இருந்தது.

ஹல் இல்லத்தார் மூன்று ஆண்டுகளாக நகர மன்றத்துக்குப் புகார் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. 1894ல் ஜேனின் அக்காள் இறந்தார். அக்காளின் இளைய மகனுக்கு ஜேன் பொறுப்பாளரானார். நோஞ்சான் பிள்ளை. அந்த நாற்றத்தில் அவனை வைத்துக்கொள்ள முடியாது என்பதால் வேறு ஊரில் விடுதிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அப்போதுதான் ஜேனுக்கு ஒன்று சுருக்கென்று தைத்தது. தன் பிள்ளையை வெளியூர் அனுப்பத் தன்னிடம் பணம் இருக்கிறது. இதே தெருவில் நோயால் இறந்துபோன பிள்ளைகளின் தாய்மார்களுக்கு அந்த வழி இருக்கவில்லை. அந்த மரணங்கள் தம்மை இதற்கு முன்பே எழுப்பியிருக்க வேண்டும் என்று அவர் வெட்கத்தோடு எழுதினார்.

இந்த முறை புகார் செய்யும் விதம் மாறியது. ஹல் இல்லத்து மகளிர் மன்றத்தைச் சேர்ந்த 12 பெண்கள் இல்லத்தில் தங்கியிருந்தவர்களுடன் சேர்ந்து, கோடை மாலைகளில் சந்து சந்தாக நடந்தார்கள். பகல் முழுவதும் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். எந்தச் சந்து, எந்த வீட்டின் பின்புறம், என்ன விதிமீறல் என்று நேரில் பார்த்து எழுதினார்கள். ஆகஸ்டு, செப்டம்பர் ஆகிய இரண்டே மாதங்களில் அவர்கள் சுகாதாரத் துறைக்கு அனுப்பிய, உறுதிசெய்யப்பட்ட புகார்கள் 1,037. வேலையைச் சரியாகச் செய்யாத குற்றத்துக்காக மூன்று பரிசோதகர்கள் ஒருவர்பின் ஒருவராக வேறு இடத்துக்கு மாற்றப்பட்டார்கள்.

குப்பை மட்டும் குறையவில்லை. எனவே 1895 வசந்த காலத்தில் ஜேன் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். வட்டாரத்தின் குப்பை அள்ளும் குத்தகையைத் தமக்கே தருமாறு ஏலப்புள்ளி கொடுத்தார். ஏதோ ஒரு விதியைக் காட்டி அதைத் தள்ளிவிட்டார்கள். ஆனால் செய்தி பரவியது. நகரத் தந்தை அவரையே அந்த வட்டாரத்தின் குப்பைப் பரிசோதகராக நியமித்தார். ஆண்டுக்கு 1,000 டாலர் சம்பளம்.

மண்ணுக்கடியில் ஒரு சாலை

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் தொடக்கத்தில் பார்த்தோம். ஜேனும், அவருக்குத் துணைப் பரிசோதகராக இருந்த இளம் பட்டதாரி அமாண்டா ஜான்சனும் வண்டிகளை விடாமல் பின்தொடர்ந்தார்கள். குத்தகைக்காரர் ஒன்பது வண்டிகளை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். அதை 13 ஆக்க வைத்தார்கள், பிறகு 17 ஆக்க வைத்தார்கள். குப்பைத்தொட்டி வைக்காத வீட்டுச் சொந்தக்காரர்களை நீதிமன்றத்துக்கு அழைத்தார்கள்.

அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு முதலில் அதிர்ச்சி. படித்த பெண் செய்யும் வேலையா இது என்று முகம் சுளித்தார்கள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பெண் பார்த்துக்கொள்வது சரியென்றால், அந்தக் காய்ச்சலைக் கொண்டுவரும் அழுக்கை அகற்றுவது மட்டும் எப்படித் தவறாகும் என்று அவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது.

ஒரு குறுகிய தெருவில் குப்பையை வெட்டி எடுத்துக்கொண்டே போனபோது, 18 அங்குல ஆழத்தில் கல் பாவிய சாலை ஒன்று தென்பட்டது. நகர மன்றத்தின் பழைய பதிவேட்டைப் புரட்டினால் அப்படியொரு சாலை போட்டதற்கான குறிப்பும் இருந்தது. எல்லாரும் அதை மறந்தே போயிருந்தார்கள். அத்தெருவில் வாழ்ந்த இத்தாலியர்கள் மட்டும் அதிகம் வியக்கவில்லை. புதைந்த நகரங்களைத் தோண்டி எடுப்பது அவர்கள் நாட்டில் வழக்கம்தானே என்று ஜேன் வேடிக்கையாகக் குறிப்பிட்டிருக்கிறார்.

பலன் கிடைத்தது. இறப்பு விகிதத்தில் மூன்றாம் இடத்திலிருந்த வட்டாரம் ஏழாம் இடத்துக்கு இறங்கியது. எந்த மருந்தும் கண்டுபிடிக்கப்படவில்லை. வண்டிகள் கூடின, சந்துகள் துப்புரவாயின, அவ்வளவே. இருப்பினும் வட்டாரத்தின் செல்வாக்கு மிக்க நகர மன்ற உறுப்பினருக்கு இது பிடிக்கவில்லை. சில காலத்தில் அந்தப் பதவியே பெண்களின் கையைவிட்டுப் போனது. அவரைத் தேர்தலில் தோற்கடிக்க ஹல் இல்லத்தார் செய்த முயற்சிகளும் பலிக்கவில்லை.

தன் வீட்டை மட்டும் துடைத்த தாய்

அதன் விலை 1902ல் தெரிந்தது. அந்த ஆண்டு சிகாகோவில் டைஃபாய்டு காய்ச்சல் பரவியது. நகர மக்களில் 36ல் ஒரு பங்கினர் மட்டுமே வாழ்ந்த 19ஆம் வட்டாரத்தில், டைஃபாய்டால் நேர்ந்த மரணங்களில் ஆறில் ஒரு பங்கு நிகழ்ந்தது. ஹல் இல்லத்தில் தங்கியிருந்த மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டனும் மற்றவர்களும் மறுபடியும் வீடுவீடாகச் சென்று கழிவுநீர்க் குழாய்களின் நிலையைக் கணக்கெடுத்தார்கள். விதிகளைக் கண்டுகொள்ளாமல் விட்ட அதிகாரிகளின் குறைகள் வெளிச்சத்துக்கு வந்தன.

அந்த வட்டாரத்தில் ஒரு கைம்பெண் பல ஆண்டுகளாகச் சொந்த வீட்டில் வாழ்ந்துவந்தார். வீடு பளிச்சென்று இருக்கும். புதிதாக வந்த குடியேறிகளுடன் அவர் பழகமாட்டார். சுகாதார விதிகளைக் கடுமையாக்க வேண்டும் என்று ஹல் இல்லத்தார் கூப்பிட்டபோதெல்லாம் ஒதுங்கிக்கொண்டார். தன் இரண்டு மகள்களையும் தொலைவிலுள்ள நல்ல கல்லூரிக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். மூத்தவள் பட்டம் பெற்ற ஆண்டில், கோடை விடுமுறைக்கு இருவரும் அம்மாவிடம் வந்தார்கள். இருவருக்கும் டைஃபாய்டு கண்டது. ஒருத்தி இறந்துபோனாள்.

அந்தத் தாயிடம் அன்பு குறைவில்லை, உழைப்பும் குறைவில்லை. ஆனால் பக்கத்துச் சந்தின் அழுக்கு தன் வாசலில் நின்றுவிடும் என்று அவர் நம்பினார். நகரத்தில் அப்படி நிற்பதில்லை. ஒரே குழாய் நீரைக் குடிக்கிறோம், ஒரே காற்றைச் சுவாசிக்கிறோம். அடுக்குமாடியில் ஒரு வீட்டுப் பூச்சாடியில் தேங்கிய நீரிலிருந்து பறக்கும் ஏடிஸ் கொசு எந்த வீட்டுக்கும் போகலாம் என்பதை அறிந்த நமக்கு இது புரியாத செய்தியன்று.

பின்னாளில்

ஹல் இல்லம் வளர்ந்து 13 கட்டடங்கள் கொண்ட வளாகமானது. அமெரிக்காவின் முதல் சிறார் நீதிமன்றம் 1899ல் சிகாகோவில் தொடங்க அங்கிருந்த பெண்கள் முக்கியக் காரணம். 1912ல் அமெரிக்க அரசு பிள்ளைகளின் நலனுக்கென ஒரு துறையை அமைத்தபோது, ஹல் இல்லத்தில் வாழ்ந்த ஜூலியா லேத்ரப் அதற்குத் தலைவரானார்.

முதல் உலகப் போரை ஜேன் வெளிப்படையாக எதிர்த்தார். 1915ல் ஹேக் நகரில் நடந்த பெண்களின் அமைதி மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அதுவரை அவரைப் போற்றிய நாளேடுகள் தூற்றத் தொடங்கின. நாட்டுப்பற்று இல்லாதவர் என்றார்கள். அவர் பின்வாங்கவில்லை. 1931ல் நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டபோது நோயுற்றிருந்தார்; பரிசளிப்பு நாளில் மருத்துவமனையில் இருந்தார்.

1935 மே 21ஆம் தேதி ஜேன் ஆடம்ஸ் சிகாகோவில் காலமானார். ஆயிரக்கணக்கான அண்டைவீட்டார் ஹல் இல்லத்துக்கு வந்து அஞ்சலி செலுத்தினார்கள். 1960களில் பல்கலைக்கழகம் ஒன்று கட்டுவதற்காகப் பெரும்பாலான கட்டடங்கள் இடிக்கப்பட்டன. 1889ல் இரு தோழிகள் குடியேறிய பழைய வீடு இன்றும் அருங்காட்சியகமாக நிற்கிறது.

நமக்கு என்ன?

மாணவர்களே, நோபெல் பரிசுக்கோ ஒரு மாளிகைக்கோ நாம் ஆசைப்பட வேண்டியதில்லை. 1894ன் அந்தக் கோடை மாலைகளை நினைத்துப் பாருங்கள். நடந்த 12 பெண்களில் பெரும்பாலோர் பட்டதாரிகள் அல்லர், பணக்காரர்கள் அல்லர். அவர்கள் செய்தது நான்கே காரியங்கள். நேரில் போய்ப் பார்த்தார்கள். பார்த்ததை இடத்தோடும் நாளோடும் எழுதினார்கள். பொறுப்புள்ளவர்களுக்கு அனுப்பினார்கள். பதில் வரவில்லை என்பதற்காக நிறுத்தாமல் மறுபடியும் போய்ப் பார்த்தார்கள்.

உங்கள் குடியிருப்பில் அடிக்கடி பழுதாகும் மின்தூக்கி இருக்கலாம். அடைபட்ட கால்வாய் இருக்கலாம். விளக்கு எரியாத நடைபாதை, சக்கர நாற்காலி ஏற முடியாத படி, முதியவர் கடக்கத் தடுமாறும் சாலை இருக்கலாம். சமூக ஊடகத்தில் ஒருமுறை திட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். நண்பர்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கவனித்து, தேதி, நேரம், இடம் மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அங்கு வாழும் பெரியவர்களிடம் அவர்களுக்கு எது தேவை என்று கேளுங்கள். பொதுச் சமையற்கூடம் சொன்ன பாடத்தை மறக்க வேண்டாம். பிறகு அந்தக் குறிப்புகளோடு குடியிருப்பாளர் குழுவிடமோ நகராண்மைக்கழகத்திடமோ செல்லுங்கள்.

முதல் முறையே பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஜேன் ஆடம்ஸுக்கே மூன்று ஆண்டுகள் கிடைக்கவில்லை. ஆனால் எட்டு ஆண்டுகள் எதற்கும் பயனில்லையே என்று வாடிக்கிடந்த ஒரு பெண், ஹால்ஸ்டட் தெருவுக்குக் குடிவந்த பிறகு 46 ஆண்டுகள் அதே தெருவில் வேலை செய்தார். தெருவுக்கு அவர் தேவைப்பட்டார். அவருக்கும் அந்தத் தெரு தேவைப்பட்டது.